சி.டி. ரைட்டரையும் எடை போட்டு வாங்குவோம்!



சரக்கின் தரம் பார்த்து வாங்குவதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை. புளியைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தே அதில் ஈரம் எவ்வளவு, கொட்டை எவ்வளவு, பழம் புளியா புதுப் புளியா என்று சொல்லிவிடுகிற வியாபாரிகள் நத்தத்தில் இருக்கிறார்கள். மாம்பழக் கூடையின் மேல்வரிசையைப் பார்த்து யாரும் விலை பேசுவதில்லை. அடியில் கைவிட்டுப் பார்த்துத்தான் பேசுகிறோம். திண்டுக்கல் பூட்டு வாங்கினால்கூட கையில் தூக்கி எடை பார்த்து, சாவியை நாலு முறை திருப்பிப் பார்த்துத்தான் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம்.

ஆனால் அதே நாம், கடைக் கணக்கு முழுவதையும் நம்பி ஒப்படைக்கிற கம்ப்யூட்டர் சாமான் விஷயத்தில் மட்டும், "எது மலிவோ அதைக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். இது என்ன நியாயம்?

சி.டி., டி.வி.டி. ஆகியவற்றில் கணக்கை எழுதிவைக்கும் 'ரைட்டர்' என்கிற டிரைவைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். "இப்போது யார் ஐயா சி.டி. போடுகிறார்கள்? புதிய மடிக்கணினிகளில் அந்தத் தட்டே இல்லையே!" என்று இளைய தலைமுறை கேட்கும். அந்தக் கேள்விக்குப் பின்னால் பதில் சொல்கிறேன். நம்மில் பெரும்பாலோர் கடையில், பெரும்பாலோர் ஆடிட்டர் அலுவலகத்தில், 2000-க்கும் 2015-க்கும் இடைப்பட்ட காலத்துக் கணக்குகள் இன்னும் தகடுகளில்தான் உறங்குகின்றன. அவை படிக்கக்கூடிய நிலையில் இருக்கின்றனவா என்று திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்?

சட்டம் என்ன சொல்கிறது?

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஓர் ஆண்டுக்குரிய ஆண்டு நமூனாவைத் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் முடியும்வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். 2023-24 ஆம் ஆண்டுக்கான கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. ஆகவே அந்த ஆண்டுக் கணக்கு 2030 டிசம்பர் 31 வரை நம் கையில் இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நடந்தால், அது இறுதியாக முடிந்து ஓராண்டு வரையோ, மேற்சொன்ன காலம் வரையோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும்.

இத்தோடு நிற்கவில்லை. கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்கு 57-ஆவது விதி இருக்கிறது. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ பதிவுகள் அழிந்தால், நியாயமான காலத்துக்குள் அவற்றை மீட்டெடுக்கும் வகையில் முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. அதாவது நகல் வைத்திருப்பது நம் விருப்பம் அல்ல, கடமை!

"எல்லாம்தான் அரசாங்க இணையதளத்தில் இருக்கிறதே" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் நடந்ததை அவர்கள் கவனித்திருக்க வேண்டும். ஏழாண்டுகளுக்கு முந்தைய நமூனாத் தகவல்கள் இனி ஜி.எஸ்.டி. தளத்தில் பார்வைக்குக் கிடைக்காது, வேண்டியவர்கள் இறக்கிவைத்துக் கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வந்தது. 2017 ஜூலை மாதத் தகவல்கள் அந்த ஆண்டு ஆகஸ்டு முதல் தேதியே எடுக்கப்பட்டுவிட்டதாகவும் அதில் சொல்லப்பட்டது. வணிகர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அதே மாதக் கடைசியில் தகவல்களைத் திரும்ப ஏற்றினார்கள். முன்னறிவிப்புடன் மறுபடி இந்த முறை அமலுக்கு வரும் என்றும் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பதற்காக வாடகை வீடு நம் வீடாகிவிடாது!

தவிர, அந்தத் தளத்தில் இருப்பது நாம் தாக்கல் செய்தது மட்டுமே. எந்தச் சில்லறைக் கடைக்காரர் நமக்கு எவ்வளவு பாக்கி, எந்த மண்டிக்கு நாம் எவ்வளவு தரவேண்டும், கூலி எவ்வளவு, கழிவு எவ்வளவு என்பதெல்லாம் நம் பேரேட்டில்தான் இருக்கிறது. "எழுதாத கணக்கு அழுதாலும் வராது" என்பார்கள். எழுதி வைத்துத் தொலைத்த கணக்கும் அப்படித்தான்.

பழைய கணக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இன்னொரு செய்தி. ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை முதல் தேதி. அதற்கு முந்தைய விற்பனை வரி, மதிப்புக் கூட்டு வரி ஆகியவற்றின் நிலுவைகளுக்குத் தமிழக அரசு சமாதானத் திட்டம் அறிவித்தது 2023 அக்டோபரில்! ஐம்பதாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைகள் முழுமையாகத் தள்ளுபடி ஆயின. அதற்கு மேற்பட்ட நிலுவைக்காரர்கள் கணக்குப் பார்த்துக் கட்ட வேண்டியிருந்தது. பழைய வரி செத்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் பாக்கி உயிரோடிருந்தது என்றால், பழைய கணக்கைக் குப்பை என்று எப்படிச் சொல்வது?

எந்த ரைட்டர் நல்ல ரைட்டர்?

இப்போது விஷயத்துக்கு வருவோம். சி.டி. எழுதும் முறையின் தரவரையறையை பிலிப்ஸ், சோனி கம்பெனிகள் 1990-இல் வெளியிட்டன. 1995-இல் ஹ்யூலட் பேக்கார்டு கம்பெனி ஆயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவான விலையில் ஒரு ரைட்டரைக் கொண்டுவந்தபோது அதுவே பெரிய மலிவு என்று பேசப்பட்டது. அந்தக் காலத்து டிரைவ்களில் ஒரு பெரிய குறை உண்டு. எழுத ஆரம்பித்தால் நிறுத்தாமல் எழுதியாக வேண்டும். கம்ப்யூட்டரிலிருந்து தகவல் வருவது ஒரு நொடி தடைப்பட்டாலும் தகடு பாழ். எண்ணெய் ஊற்றும்போது டின் காலியானால் புனலில் காற்று ஏறுவதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறைக்கு 2000-இல் ஜப்பானின் சான்யோ கம்பெனி 'பர்ன் புரூஃப்' என்ற பெயரில் தீர்வு கண்டது. தகவல் தடைப்பட்டால் டிரைவ் அந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு நின்று, தகவல் வந்ததும் அதே இடத்திலிருந்து தொடரும். பிறகு ஒவ்வொரு கம்பெனியும் வேறு வேறு பெயரில் இதே வசதியைக் கொண்டுவந்தது. இன்று விற்கும் எல்லா டிரைவிலும் இது உண்டு. ஆகவே இதைப் பெரிய சிறப்பாகச் சொல்லி யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். தராசுக்கு இரண்டு தட்டு இருக்கிறது என்று சொல்லி விற்பது போன்றது அது.

அடுத்து வேகம். முதல் மடங்கு என்பது நொடிக்கு 150 கிலோபைட். 2002 வாக்கில் 52 மடங்கு வேகம் வந்துவிட்டது. அந்த வேகத்தில் தகடு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றை ஒட்டிச் சுழல்கிறது. விரிசல் விட்ட தகடு அந்த வேகத்தில் டிரைவுக்குள்ளேயே சிதறிப்போவதும் உண்டு. பாட்டுப் பதிவுக் கடைக்காரருக்கு வேகம் காசு. வருடத்துக்கு ஒருமுறை கணக்கு எழுதிவைக்கிற மளிகைக்காரருக்கு வேகத்தால் என்ன லாபம்? மூன்று நிமிடத்துக்குப் பதில் ஆறு நிமிடம் ஆனால் குடியா முழுகிவிடும்?

அப்படியானால் தரத்தை எதை வைத்து அளப்பது? தகட்டைத் திரும்பப் படிக்கும்போது வரும் பிழைகளை வைத்துத்தான். எந்தத் தகட்டிலும் சிறு பிழைகள் இருக்கும். அவற்றைத் திருத்திக்கொள்ளும் கணக்கு முறை சி.டி.யிலேயே உண்டு. நொடிக்கு 220 என்பது முதல்நிலைப் பிழைக்குத் தரவரையறை வைத்த உச்சவரம்பு. நன்றாக எழுதிய தகட்டில் அது மிகக் குறைவாக இருக்கும். இரண்டாம் நிலைப் பிழை புதுத் தகட்டில் அறவே இருக்கக் கூடாது. இந்தப் பிழைகளை எண்ணிக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. எல்லா டிரைவும் அந்த எண்ணிக்கையை வெளியே சொல்லாது, சில மட்டுமே சொல்லும். ஜப்பானின் பிளெக்ஸ்டர், தைவானின் லைட்-ஆன் ஆகியவை இந்த வசதிக்காகவே பெயர் பெற்றவை. யமஹாவும் நல்ல ரைட்டர் செய்தது. 2003-இல் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. எல்.ஜி., சாம்சங் இரண்டும் மலிவும் ஊர்தோறும் சர்வீஸும் உள்ளவை என்பதால் நம் பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் அதிகம் புகுந்தன.

என் கருத்தைக் கேட்டால், எழுத்துத் தரத்தில் அந்தக் காலத்துப் பிளெக்ஸ்டருக்கும் யமஹாவுக்கும் முதலிடம். கொடுத்த காசுக்குச் சரக்கு என்று பார்த்தால் லைட்-ஆன். கெட்டால் மாற்றிக்கொள்ள வசதி என்று பார்த்தால் எல்.ஜி. ஆனால் இந்த வரிசையை அப்படியே இன்றைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

சாக்கு வேறு, சரக்கு வேறு

ஒரே மில்லில் உடைத்த துவரம் பருப்பு நாலு மார்க்குச் சாக்கில் நாலு விலைக்கு வருவது நமக்குத் தெரியாததா? டிரைவ் தொழிலும் அப்படித்தான். ஹிட்டாச்சியும் எல்.ஜி.யும் சேர்ந்து ஒரு கம்பெனி, தோஷிபாவும் சாம்சங்கும் சேர்ந்து ஒரு கம்பெனி, சோனியும் என்.இ.சி.யும் சேர்ந்து ஒரு கம்பெனி, பிலிப்ஸும் லைட்-ஆனும் சேர்ந்து ஒரு கம்பெனி என்று தொழில் சில கைகளில் அடங்கிவிட்டது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் தங்கள் பெயரை ஒட்டி விற்கிற டிரைவ்கள் இந்தத் தொழிற்சாலைகளிலிருந்து வந்தவைதான். பிளெக்ஸ்டர் பெயரிலும் பின்னாளில் மற்றவர் செய்த டிரைவ்கள் வந்தன. பெயர் அதே பெயர், கை வேறு கை.

ஆட்கள் குறைந்தால் என்ன நடக்கும் என்பது மண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2015 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் இந்த டிரைவ் கம்பெனிகள்மீது மொத்தம் 11 கோடியே 60 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2004 முதல் 2008 வரை, டெல், ஹ்யூலட் பேக்கார்டு ஆகிய பெரிய வாங்குவோர் கேட்ட விலைப்புள்ளிகளில், இவர்கள் தங்களுக்குள் கலந்து பேசிக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. விஷயத்தை முதலில் வெளிப்படுத்தியதால் பிலிப்ஸும் லைட்-ஆனும் அபராதத்திலிருந்து தப்பின. மற்றவர்களின் மேல்முறையீடு பல ஆண்டு நடந்தது. இதற்கு முன்பே 2011-இல் அமெரிக்காவில் ஹிட்டாச்சி-எல்.ஜி. கம்பெனி விலைக் கூட்டு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2 கோடியே 11 லட்சம் டாலர் அபராதத்துக்குச் சம்மதித்தது. ஏலத்தில் சிண்டிகேட் போடுவது நம்மூர்ச் சந்தையில் மட்டும் இல்லை என்பது தெரிகிறதல்லவா!

ஆகவே பெட்டிமேல் இருக்கும் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். செய்தது யார் என்று பாருங்கள். டிரைவின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் மாடல் எண்ணும் செய்த தேதியும் இருக்கும். கம்ப்யூட்டரில் செருகினால் தயாரிப்பாளர் பெயரையும் அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ரைட்டர் மட்டும் நல்லதாக இருந்தால் போதுமா?

போதாது. பேனா நல்லதாக இருந்து தாள் மட்டமாக இருந்தால் எழுத்து நிற்குமா? சி.டி.யில் தாள் என்பது தகட்டுக்குள் பூசியிருக்கும் சாயம். லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சூடாக்கித்தான் குறி வைக்கிறது. சயனின், தாலோசயனின், ஆசோ என்று மூன்று வகைச் சாயம் உண்டு. சாயத்துக்குமேல் வெள்ளியோ தங்கமோ மெல்லிய பூச்சாக இருக்கும். வெள்ளிக் கொலுசு கறுப்பது போலவே தகட்டின் வெள்ளியும் கறுக்கும். அதற்குமேல் காப்பாக இருப்பது வெறும் அரக்குப் பூச்சு. எல்லோரும் தகட்டின் பளபளப்பான பக்கம் கீறல் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஆபத்து பெயர் எழுதும் பக்கத்தில்தான். பளபளப்பான பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் கவசம் இருக்கிறது. மேல்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே பூச்சு போய்விடும்.

தகட்டிலும் மார்க்கு வேறு, மில் வேறு. நம் நாட்டு மோசர் பேயர் கம்பெனி இதற்கு நல்ல உதாரணம். 1983-இல் தொடங்கி, பிளாப்பித் தகடு செய்து, பிறகு சி.டி. தயாரிப்பில் உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றாக வளர்ந்தது. வெளிநாட்டுப் பெயரில் விற்ற பல தகடுகள் நொய்டாவுக்குப் பக்கத்தில் இதன் ஆலையில் செய்தவை. 2007 வாக்கில் திரைப்பட வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் கொண்டுவந்து திருட்டுச் சி.டி.க்குப் போட்டி போட்டது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். பென் டிரைவும் இணையமும் வந்தபின் தொழில் சரிந்து, 2018-இல் அந்தக் கம்பெனியைக் கலைத்துக் கடன் அடைக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தகட்டின் தரத்துக்கே இலக்கணம் என்று சொல்லப்பட்ட ஜப்பானின் தாயோ யூடன் கம்பெனி 2015 முடிவில் உற்பத்தியை நிறுத்தியது. வெர்பாட்டிம் பெயர் 2019-இல் தைவானின் சி.எம்.சி. கம்பெனிக்குக் கைமாறியது. எழுதக்கூடிய புளூரே தகடு உற்பத்தியை சோனி 2025 பிப்ரவரியோடு முடித்துக்கொண்டது.

சுருங்கச் சொன்னால், நல்ல தகடும் நல்ல டிரைவும் நாளுக்கு நாள் அருகிக்கொண்டே வருகின்றன. காத்திருந்தால் விலை குறையும் என்று எண்ணுகிற சரக்கு அல்ல இது. காத்திருந்தால் சரக்கே கிடைக்காது!

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

மேசைக் கம்ப்யூட்டர் உள்ளவர்கள் உள்ளே பொருத்தும் பெரிய டிரைவையே வாங்குங்கள். மடிக்கணினிக்குரிய மெல்லிய டிரைவைவிட அது உறுதியானது, மின்சாரமும் தாராளமாகக் கிடைக்கும். மெல்லிய டிரைவ்கள் யு.எஸ்.பி. துளை வழியாகத்தான் மின்சாரம் எடுக்கின்றன. பழைய யு.எஸ்.பி. துளை அரை ஆம்பியர் மட்டுமே கொடுக்கும். எழுதும்போது டிரைவுக்கு அது போதாமல் பாதியில் நின்றுவிடுவது உண்டு. பலர் இதை டிரைவின் பழுது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரட்டை முனை ஒயர் போட்டால் சரியாகிவிடும்.

பெயரே இல்லாத மலிவு டிரைவ்களைத் தவிர்த்துவிடுங்கள். பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய டிரைவைப் புதுக் கூட்டில் வைத்து விற்பதும் உண்டு. தேய்ந்த லேசருக்குப் படிக்கத் தெரியும், எழுதத் தெம்பு இருக்காது. பில்லும் உத்தரவாதமும் இல்லாமல் வாங்க வேண்டாம் என்று வணிகர்களுக்கே நான் சொல்ல வேண்டியிருப்பது வேடிக்கைதான்.

வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். ஒரு தகடு எழுதி, அதை வேறு கம்ப்யூட்டரில், வேறு கம்பெனி டிரைவில் போட்டு எல்லாக் கோப்பும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதிய டிரைவிலேயே படிப்பது சோதனை ஆகாது. தன் கையெழுத்து தனக்குப் புரிவதில் என்ன பெருமை? பிறர் படிக்க வேண்டுமே!

நம் கடைகளுக்கென்று ஒரு தனி எச்சரிக்கை. மிளகாய்த் தூள், மாவு, தவிடு, புளித்தூசு ஆகிய எல்லாம் காற்றில் மிதக்கும் இடம் மளிகைக் கடை. தையல் கூடங்களில் பஞ்சு பறக்கிறது. டிரைவின் கண்ணாடிவில்லையில் இந்தத் தூசு படிந்தால் எவ்வளவு நல்ல கம்பெனியும் ஒன்றும் செய்ய முடியாது. கல்லாவுக்கு அடியில் தரையோடு கம்ப்யூட்டரை வைக்காதீர்கள். வெளியே செருகும் டிரைவாக இருந்தால் வேலை முடிந்ததும் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள்.

எழுதும் முறையும் வைக்கும் முறையும்

சி.டி.யை 16 முதல் 24 மடங்குக்குள், டி.வி.டி.யை 4 முதல் 8 மடங்குக்குள் எழுதினால் நன்று. மிக மெதுவாக எழுதினால் மிக நல்லது என்பதும் தவறான எண்ணம். வேகத் தகட்டின் சாயம் அதற்கேற்பவே செய்யப்பட்டிருக்கிறது. எழுதியபின் சரிபார்க்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். அழித்து எழுதும் தகட்டில் ஆண்டுக் கணக்கு வைக்கக் கூடாது. ஒரே கணக்கை இரண்டு வேறு கம்பெனித் தகட்டில் எழுதி, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள்.

டாலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவை மட்டும் நகல் எடுத்தால் போதாது. டாலி 7.2, டாலி 9, இ.ஆர்.பி. 9, 2020-இல் வந்த டாலி பிரைம் என்று பதிப்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பத்தாண்டு கழித்துப் பழைய தரவைத் திறக்க ஆள் தேடி அலைய வேண்டும். பேரேடு, நாள்வழி, கொள்முதல், விற்பனை, இருப்பு ஆகியவற்றைப் பி.டி.எப். வடிவிலும் சேர்த்து எழுதிவிடுங்கள். அதை எந்தக் கம்ப்யூட்டரும் திறக்கும்.

அமெரிக்காவின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2003-இல் தகடுகளைப் பராமரிக்கும் முறைபற்றி ஒரு கையேடு வெளியிட்டது. அதன் சாரம் நம் பாட்டிமார் ஊறுகாய் ஜாடிக்குச் சொன்னதுதான்: வெயில் படாமல், ஈரம் படாமல், மேல்பக்கம் தொடாமல் வை. தகட்டைப் படுக்கப் போட்டு அடுக்காமல் தனித்தனி டப்பாவில் நிறுத்தி வைக்க வேண்டும். தகரக் கூரைக்கு அடியில் சித்திரை வெயிலில் வேகும் பரண் அதற்கு இடமல்ல. பெயர் எழுதுவதானால் நீரில் கரையும் மைப் பேனாவால் நடு வளையத்தில் எழுதுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைக்காதீர்கள்.

ஏற்கெனவே உள்ள தகடுகளை எடுத்துப் பார்த்து, ஒன்று திறக்கவில்லை என்றால் உடனே வீசிவிட வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். வேறு கம்பெனி டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவுக்குப் புரியாதது இன்னொன்றுக்குப் புரிவது சகஜம். எழுதிய பழைய டிரைவே இருந்தால் இன்னும் நல்லது. திறந்துவிட்டால் அங்கேயே படித்துக்கொண்டிருக்காமல் முதல் வேலையாக எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் இறக்கிவிடுங்கள். மேல்பூச்சு உரிந்து வெளிச்சம் ஊடுருவித் தெரிகிற தகடானால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

"பென் டிரைவ் இருக்க, சி.டி. எதற்கு?"

முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். அன்றாட நகலுக்குப் பென் டிரைவும் வெளி ஹார்டு டிஸ்கும் போதும், வசதியும் அதுதான். இணையத்தில் ஒரு நகல் வைப்பதும் நல்லதே. நான் அதற்கு விரோதி அல்ல. 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வெள்ளம் புகுந்தபோது கடையிலிருந்த எல்லாமே நனைந்தன. அப்படிப்பட்ட நாளில் ஊருக்கு வெளியே இருக்கும் நகல்தான் கைகொடுக்கும்.

ஆனால் இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. எழுதியதை அழித்துவிடலாம், மாற்றிவிடலாம். கோபித்துக்கொண்டு போகிற கணக்குப்பிள்ளை அழிக்கலாம், குழந்தை அழிக்கலாம், வைரஸ் அழிக்கலாம். 2017 மே மாதம் 'வானாகிரை' என்ற வைரஸ் உலகெங்கும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டதே, அப்போது அந்தக் கம்ப்யூட்டரில் செருகியிருந்த நகலும் சேர்ந்து பூட்டப்படும் நிலைதான் இருந்தது. ஒருமுறை எழுதி மூடிய சி.டி.யை எந்த வைரஸும் திருத்த முடியாது. நம் முன்னோர் உதிரித் தாளில் பேரேடு எழுதவில்லை. தைத்துக் கட்டிய நோட்டில் பக்க எண் போட்டு எழுதினார்கள். ஏன்? இடையில் ஒரு தாளை உருவவோ செருகவோ முடியாது என்பதால்தான். தைத்த பேரேட்டின் இடத்தில் இன்று நிற்கத் தகுந்தது மூடி எழுதிய தகடு. ஆகவே தினசரி நகல் பென் டிரைவில், ஆண்டு முடிவு நகல் தகட்டில். இதுவே என் சிபாரிசு.

"ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்பது இன்னொரு சமாதானம். ஆடிட்டர்கள் நமக்கு உழைக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அதிகாரி நோட்டீஸ் அனுப்புவது யார் பெயருக்கு? கணக்கைப் பாதுகாக்கும் பொறுப்பைச் சட்டம் பதிவுபெற்ற வணிகர் தலையில்தான் வைத்திருக்கிறது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியே ஒரு டிரைவ் வாங்கி, வருடத்துக்கு ஒருநாள் பயன்படுத்தி, மிச்ச நாளெல்லாம் தூசு படிய விடுவது வீண்செலவு. நம் சங்கங்கள் ஒவ்வொன்றும் அலுவலகத்தில் ஒரு மேசைக் கம்ப்யூட்டரும், வேறு வேறு கம்பெனியின் இரண்டு நல்ல டிரைவும், ஒரு பெட்டி தரமான தகடும் வாங்கிவைக்கலாம். ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகு சித்திரை, வைகாசியில் ஒரு வாரம் ஒதுக்கினால், உறுப்பினர்கள் வந்து தங்கள் கணக்கைத் தாங்களே எழுதிக்கொண்டு போகலாம். பழைய தகடுகளையும் அப்போதே திறந்து பார்த்து மீட்டுக்கொள்ளலாம். மே 5 வணிகர் தினத்தை ஒட்டி இதை வைத்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒரு வியாபாரியின் கணக்கு இன்னொரு வியாபாரியின் கண்ணில் படக்கூடாது. ஆகவே எழுதுகிறவர் கணக்குக்காரராகவே இருக்க வேண்டும், கோப்புக்குக் கடவுச்சொல் இட வேண்டும், வேலை முடிந்ததும் சங்கக் கம்ப்யூட்டரில் ஒரு வரிகூட மிச்சம் இருக்கக் கூடாது. இந்த நம்பிக்கையைக் காப்பாற்ற முடியாத சங்கம் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

புளி கெட்டுப்போனால் ஒரு பருவ நஷ்டம், அடுத்த பருவத்தில் ஈடுகட்டிவிடலாம். கணக்கு கெட்டுப்போனால் எந்தப் பருவத்திலும் ஈடு கிடையாது. இந்த இதழைப் படித்து முடித்ததும் பரணில் இருக்கும் அந்தத் தகட்டுப் பெட்டியை இறக்கி, முதல் தகட்டைப் போட்டுப் பாருங்கள். திறந்தால் இன்றே நகல் எடுங்கள். திறக்காவிட்டால், மிச்சத் தகடுகளையாவது இந்த மாதத்துக்குள் பார்த்துவிடுங்கள்.